அரைச் சுரம்

பிரிக்பீல்ட்ஸ்,
8 ஆகஸ்ட் 1977

இசைத்தட்டு வட்டச் செயலாளர் திரு. ஜெயராஜ் அவர்களுக்கு,

சனிக்கிழமை நான் இரைச்சல் தாங்காமல் எழுந்து போய்விட்டேன் என்று நம் இசைத்தட்டு வட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. மூன்று வருடமாக அந்தத் தையற்கடை மாடியில், ஒலிபெருக்கிக்கு மிக அருகில் இருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்து வருகிறேன். இரைச்சலுக்குப் பயந்தவள் அந்த நாற்காலியைப் பிடிக்கமாட்டாள்.

நம் வட்டத்து அங்கத்தினர் வாசு, ரொட்டிக்கடையில் நின்று, "ஆன்டிக்கு பேஸ் கிட்டார் கேட்டா பிரஷர் ஏறுது லா" என்று சொன்னாராம். என்னுடைய இரத்த அழுத்தம் என் மருத்துவருக்கும் எனக்கும் உள்ள விஷயம். பேஸ் கிட்டார்தான் நான் முதலில் கேட்கும் வாத்தியம். கான்வெண்டில் எனக்குப் பியானோ சொல்லித்தந்த சிஸ்டர், கீழ்க் குரலை முதலில் கேள், மேலே உள்ளது தானாகக் கேட்கும் என்பார். ராக் இசையில் அந்தக் கீழ்க் குரலை மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்துப்போனதற்கு வேறு காரணம் இல்லை.

நான் எழுந்து போனது உங்கள் பிளேயர் வேகமாக ஓடுவதால். 'கிரே லிஃப்ட்ஸ்' குழுவின் புதிய தட்டைப் போட்டீர்கள். முதல் பாட்டில் கிட்டார்காரர் தடித்த கம்பியை விரல் வைக்காமல் அப்படியே மீட்டுகிறார். அதில் என்ன சுரம் வரவேண்டும் என்பது உலகத்துக்கே தெரியும். வந்தது அதற்கு அரைச் சுரம் மேலே. அந்தச் சுரத்தை நினைவில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பியானோவைத் திறந்து தட்டிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

வேகமாக ஓடும் இயந்திரத்தில் கேட்டுவிட்டு, "துள்ளல் நன்று, பதற்றம் அதிகம்" என்று நம் வட்டத்தின் மாதத் தாளில் தீர்ப்பு எழுதுவது அந்த நால்வருக்கும் செய்யும் அநியாயம். வட்டத்தில் புதுத் தட்டைத் தவிர வேறு எதுவும் போடுவதில்லை என்பதால், பழகிய பாட்டை வைத்து ஒருவரும் பிழையைக் கண்டுபிடிக்கவில்லை.

இயந்திரத்தைச் சரிசெய்யும்வரை நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
இராசேஸ்வரி சீவரத்தினம்


கிள்ளான்,
12 ஆகஸ்ட் 1977

மிஸஸ் சீவரத்தினம் ஆன்டிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கோபம், இரண்டாம் தரம் சிரிப்பு, மூன்றாம் தரம் பிளேயரைப் போய்ப் பார்த்தேன். அதன் பக்கத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு குமிழ் இருக்கிறது அல்லவா? அது நட்ட நடுவில்தான் நிற்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதை நான் தொட்டதில்லை.

அந்தப் பிளேயர் மீது எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்கவில்லை. துறைமுகத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் கார் வாங்கினார்கள். நான் இதை வாங்கினேன். என் மனைவி, "அவங்க காருல போறாங்க, நீங்க இதுல ஏறிப் போங்க" என்றாள். அப்படிப்பட்டதை வேகமாக ஓடுகிறது என்று நீங்கள் சொல்லும்போது, பிள்ளைக்குத் திருட்டுப் பழக்கம் இருக்கிறது என்று யாரோ சொன்ன மாதிரி இருக்கிறது.

வாசுவைக் கேட்டேன். "அண்ணே, அவங்க காது கான்வெண்ட் காது. நம்ம காது பாசார் காது, சந்தை இரைச்சல்ல வளந்தது. எது சரின்னு யாரு சொல்றது?" என்றான். பிரஷர் பற்றிப் பேசியதை ஒப்புக்கொண்டான். மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். கேட்பான், ஆனால் தபால்தலை ஒட்டிக் கேட்க மாட்டான்.

நீங்கள் இல்லாத நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. சொல்லுங்கள், என்ன செய்யட்டும்?

அன்புடன்,
ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்,
15 ஆகஸ்ட் 1977

ஜெயராஜ்,

இயந்திரத்தை என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிறு காலை, பத்து மணிக்குமேல். கிரே லிஃப்ட்ஸ் தட்டையும் கொண்டுவாருங்கள். நான் பியானோவில் சுரத்தைத் தருகிறேன், நீங்கள் குமிழைத் திருகுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். காது கான்வெண்டா பாசாரா என்ற கேள்வி அதோடு முடியும்.

கடிதத்தில் என்னை ஆன்டி என்று எழுதலாம். வட்டத்தில் மிஸஸ் சீவரத்தினம்.

இ. சீ.


கிள்ளான்,
19 செப்டம்பர் 1977

அன்புள்ள ஆன்டி,

சிரம்பானில் உங்கள் தங்கச்சி வீட்டுக் கல்யாணம் நல்லபடி முடிந்திருக்கும். நீங்கள் இல்லாமல் நடந்த சனிக்கிழமை பற்றி எழுதவேண்டும் என்று உத்தரவிட்டுப் போனீர்கள். எழுதுகிறேன், மனம் இல்லாமல்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் குமிழைத் திருகி நிறுத்தினோமே, அந்த இடம் நகராமலிருக்க மேலே பிளாஸ்திரி ஒட்டினேன். காயத்துக்கு ஒட்டுவதுதான். பார்த்தவர்கள் எல்லாம், "என்ன அண்ணே, பிளேயருக்கு அடிபட்டிருச்சா?" என்று கேட்டார்கள். அதன்பிறகு முதன்முதலாகப் போட்ட தட்டு 'மண்டே ஃபெர்ரி'.

இந்தத் தட்டைப் போட்ட 'ரெட் லோரி' குழுவில் டிரம்ஸ் அடிப்பவன் விஜயன், என் அக்கா மகன். கிள்ளானிலிருந்து நாலு பையன்கள் சேர்ந்து முழுத் தட்டு ஒன்று வெளியிட்டது இதுவே முதல் தடவை. நம் வட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். எல்லார் முன்னாலும்தான் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கவேண்டும். அதற்குமுன் ஒருவரும் கேட்டிருக்கக் கூடாது. அதனால் விஜயன் தன் கையால் கொடுத்த தட்டைக்கூட வீட்டில் நான் திறக்கவில்லை. "மாமா, ஒரு பாட்டாச்சும் கேளுங்க மாமா" என்று கெஞ்சினான். வழக்கம் வழக்கம்தான் என்றேன். சொந்தக்காரன் என்பதால் தீர்ப்புக்குக் கையும் தூக்கவில்லை.

ஆன்டி, தட்டு எழும்பவே இல்லை. பாடுகிறவன் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இருந்தது. விஜயனின் டிரம்ஸ் சேற்றில் நடந்தது. முதல் பக்கம் முடிவதற்குள் இரண்டு பேர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். ஏறக்குறைய எல்லாரும் எதிராகவே கை தூக்கினார்கள். மாதத் தாளில் வாசுதான் எழுதினான். "லோரிக்குப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது" என்பது தலைப்பு.

மாதத் தாளை ரெங்கசாமி தன் இசைத்தட்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவார், தெரியுமே. ஒட்டிய அன்றே மண்டே ஃபெர்ரியைக் கண்ணாடியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "உங்க வட்டமே இப்படி எழுதினா நான் எப்படிங்க விக்கிறது?" என்கிறார். அக்கா வீட்டில் விஜயனின் அப்பா, இதோடு போதும், ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலைக்குப் போ என்று சொல்லிவிட்டார். டிரம்ஸை வாங்கிக்கொள்ள காஜாங்கிலிருந்து ஒருவர் அக்டோபர் கடைசியில் வருகிறார்.

விஜயன் என்னோடு பேசுவதில்லை. நியாயமாக நடந்தேன் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்,
10 அக்டோபர் 1977

ஜெயராஜ்,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து, முழுவதும் படியுங்கள்.

கான்வெண்டின் பழைய மாணவிகள் கிறிஸ்துமஸ் பாடல்களுக்குப் பயிற்சி எடுக்கிறோம். இந்துப் பெண் பைபிள் பாட்டுக்குப் பியானோ வாசிப்பதா என்று கேட்பவர்களுக்கு நாற்பது வருடமாக நான் பதில் சொல்வதில்லை. வியாழக்கிழமை அங்கே மண்டபத்துப் பியானோவில் உட்கார்ந்தேன். போன மாதம்தான் அதற்குச் சுருதி சேர்த்தார்களாம். வீட்டில் தினமும் காலையில் வாசிக்கும் ஒரு பாட்டைத் தொடங்கி, கூடவே பாடினேன். என் தொண்டை வழக்கமாகப் போய் நிற்கும் இடத்தில் பியானோ இல்லை. அது மேலே இருந்தது. அரைச் சுரம் மேலே.

பள்ளியின் பியானோதான் பிழை என்று முதலில் நினைத்தேன். அங்கிருந்த சிஸ்டர் தன் மேசையிலிருந்து, ஒரே சுரத்தை மாறாமல் தரும் இரும்புச் சுருதிக் கவை ஒன்றை எடுத்து, தட்டி, பியானோ மேல் வைத்தார். பியானோ சரியாக இருந்தது. "ராஜேஸ், வாட் இஸ் தி மேட்டர்?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை சிஸ்டர், கொஞ்சம் பொறுங்கோ" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தக் கவையைக் கடன் வாங்கிக்கொண்டு, டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

என் பியானோ இறங்கியிருக்கிறது.

என் கணவர் உயிரோடு இருந்தவரை வருடம் ஒருமுறை ஆள் வந்து சுருதி சேர்ப்பார். ரயில்வே குவார்ட்டர்ஸை விட்டு இந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் ஆளைக் கூப்பிடவில்லை. தண்டவாளம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ரயிலுக்கும் பியானோவுக்குள் ஒரு முனகல் கேட்கும். ஒரு கம்பி மட்டும் இறங்கினால் காது குத்தும். எல்லாம் சேர்ந்து, சமமாக இறங்கினால் காதும் கூடவே இறங்கிவிடும். என் காது அப்படித்தான் இறங்கியிருக்கிறது.

ஆகவே உங்கள் பிளேயர் தொடக்கத்திலிருந்தே சரி. கிரே லிஃப்ட்ஸ் தட்டு சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் அதை என் பிழையான பியானோவுக்குச் சமமாக இறக்கினோம். இறக்கிய பிளேயரில்தான் மண்டே ஃபெர்ரி ஓடியது. அந்தப் பையன்கள் தூங்கிக்கொண்டு வாசிக்கவில்லை. நான் அவர்களைத் தூங்கவைத்தேன்.

செய்யவேண்டியவை: பிளாஸ்திரியை எடுங்கள். குமிழை நடுவில் வையுங்கள். மண்டே ஃபெர்ரியை வட்டத்தில் மீண்டும் போடுங்கள். புதுத் தீர்ப்பை, காரணத்தோடும் என் பெயரோடும் அச்சிடுங்கள். காஜாங்காரர் வருவதற்குள் இது நடக்கவேண்டும்.

இராசேஸ்வரி சீவரத்தினம்


கிள்ளான்,
14 அக்டோபர் 1977

அன்புள்ள ஆன்டி,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து நேராகத் தையற்கடை மாடிக்குப் போனேன். பிளாஸ்திரியை உரித்தேன், கொஞ்சம் வர்ணமும் சேர்ந்து வந்துவிட்டது. குமிழை நடுவில் வைத்து மண்டே ஃபெர்ரியைத் தனியாக இரண்டு பக்கமும் கேட்டேன். எப்படி இருந்தது என்று எழுதமாட்டேன். நான் தாய்மாமன். ஆனால் அன்று இரவு சாப்பிடாமல் படுத்தேன், அதுமட்டும் எழுதலாம்.

இருந்தாலும், மறுபடி போடுவது சுலபம் இல்லை ஆன்டி. வட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு தட்டை இரண்டாம் முறை தீர்ப்புக்குப் போட்டதில்லை. முதன்முதலாகப் போடுவது என் அக்கா மகன் தட்டாக இருந்தால் என்ன பேசுவார்கள்? வாசுவிடம் இலேசாக ஆரம்பித்தேன். "அண்ணே, மருமகன் அழுதானா, அக்கா அழுதாங்களா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இன்னொன்று. உங்களைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை. வட்டத்தில் யாராவது தாளம் தப்பென்றால், எல்லாரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த மரியாதை போய்விடக் கூடாது. வேண்டுமானால் பிளேயரில் தட்டைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று இரண்டு வரி போடுகிறேன். பெல்ட்டுக்கு மானம் போகாது. நீங்களும் நானும் மட்டும் அறிந்ததாக இருக்கட்டும்.

ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்,
17 அக்டோபர் 1977

ஜெயராஜ்,

பெல்ட் தளரவில்லை. தளராத பெல்ட்டைத் தளர்ந்தது என்று எழுதும் தாளில், நல்ல தட்டு எது, மோசமான தட்டு எது என்று படித்து யார் நம்புவார்கள்?

தாய்மாமன் என்பதால் நீங்கள் கேட்கமுடியாது, புரிகிறது. நான் கேட்கிறேன். எனக்கு அந்தப் பையன் ஒன்றுமில்லை. அவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அங்கத்தினர் எல்லாருக்கும் இன்றே தனித்தனியாகத் தபாலில் எழுதிவிட்டேன், வாசுவுக்கும் சேர்த்து. என்ன நடந்தது என்பதை உங்களுக்கு எழுதியதுபோலவே எழுதினேன். இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை மண்டே ஃபெர்ரி மீண்டும் போடப்படும் என்றும் எழுதினேன். உங்களைக் கேட்காமல் எழுதியது முறையல்ல. கேட்டிருந்தால் நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்திருப்பீர்கள்.

சுருதிக் கவையைக் கொண்டுவருவேன். பியானோவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது.

தட்டு எனக்குப் பிடிக்கும் என்று வாக்குத் தரமாட்டேன். அதையும் விஜயனிடம் சொல்லிவையுங்கள்.

இ. சீ.


கிள்ளான்,
31 அக்டோபர் 1977

அன்புள்ள ஆன்டி,

அந்தச் சனிக்கிழமையை நீங்களும்தான் பார்த்தீர்கள். ஆனால் நீங்கள் படியிறங்கிய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்திருந்தார்கள் எல்லாரும். நீங்கள் எழுந்து நின்று, "பிழை என்ரை பியானோவிலை. என்னிலையும்தான். இனிக் கேளுங்கோ" என்று சொல்லி உட்கார்ந்தபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வாசுதான் கவையைத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு முதலில் தலையாட்டினான். தட்டு முடிந்து நீங்கள் போன பிறகு, "அண்ணே, அன்னிக்கு நாம கேட்டது பாட்டே இல்ல லா. பேட்டரி தீந்த ரேடியோ" என்றான். தன் பழைய தலைப்பைத் தானே அடித்துவிடுவதாகச் சொன்னான். பாதிக்குமேல் ஆதரவாகக் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை, பாக்கெட்டில் வைத்திருந்தேன்.

விஜயன் கீழே தையற்கடை வாசலில் நின்றிருந்தான். தட்டு வெளியிட்டவர் தீர்ப்பின்போது மேலே வரக்கூடாது என்ற வழக்கம் அவனுக்குத் தெரியும். நீங்கள் அவனைக் கடந்து போகும்போது நின்று, "இரண்டாம் பக்கத்திலை நீர் ஓடுறீர். ஆரும் துரத்தினவையோ?" என்று கேட்டீர்களாம். "ஆமா ஆன்டி, ஸ்டுடியோ நேரம் முடியப்போகுதுன்னு பயந்து ஓடிட்டேன்" என்றானாம். வந்து என்னிடம் சொல்லும்போது சந்தோஷமாக இருந்தான். ஆறு வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசினான், ஆன்டி. தட்டை முழுசாகக் கேட்டவர் ஒருவர் திட்டினால் அப்படி இருக்கும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காஜாங்காரர் லோரியோடு வந்தார். அக்கா வீட்டுக்காரர் அவருக்குத் தேநீர் கொடுத்து, வெறும் லோரியோடு அனுப்பிவிட்டார். விஜயன் ஷா ஆலம் வேலைக்குப் போகிறான், டிரம்ஸும் வீட்டில் இருக்கிறது. அவ்வளவுக்கு ஒப்பந்தம்.

நீங்கள் நேற்று ஆள்மூலம் அனுப்பிய விமர்சனத்தை அச்சுக்காக ஸ்டென்சிலில் ஏற்றத் தொடங்கினேன். உங்கள் பெயர் வரும் இரண்டாம் வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடட்டுமா? வட்டத்தில் சொல்லியாகிவிட்டது, எல்லாருக்கும் தெரியும். கடைக் கண்ணாடியில் ஒட்டி, ஊர் பேர் தெரியாதவன் எல்லாம் படிக்கவேண்டுமா? மிஸ்டர் சீவரத்தினம் இருந்தால் விடுவாரா?

ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்,
3 நவம்பர் 1977

அன்புள்ள ஜெயராஜ்,

என் கணவர் ரயில்வேயில் இருந்தவர். சிக்னல் பிழையானால் எந்தக் கம்பத்தில், யாருடைய கையால் பிழையானது என்று எழுதிவைத்த பிறகுதான் அடுத்த வண்டியை விடுவார். அவர் பெயரைச் சொல்லி என்னை மறைக்கப் பார்க்காதீர்கள்.

இரண்டாம் வாக்கியம் இருக்கவேண்டும். காரணம் சொல்கிறேன். லோரிக்குப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று ரெங்கசாமியின் கண்ணாடியில் படித்தவர்கள் வட்டத்து ஆட்கள் அல்ல. பேருந்துக்கு நின்றவர்கள், பக்கத்துக் கடையில் மீன் வாங்க வந்தவர்கள். செப்டம்பரில் மோசம், இப்போது நல்லது என்று மட்டும் போட்டால், செயலாளரின் மருமகன் என்று அவர்களே காரணம் கண்டுபிடிப்பார்கள். பையனின் தட்டு அந்தச் சந்தேகத்தோடு விற்கக் கூடாது. உண்மையான காரணம் ஒன்று கையில் இருக்கும்போது அதை ஏன் ஒளிக்கவேண்டும்?

நீங்கள் ஸ்டென்சிலில் கை வைத்ததால், பிழை வராமலிருக்க மீண்டும் எழுதித் தருகிறேன்:

"செப்டம்பர் தாளில் மண்டே ஃபெர்ரிக்கு வந்த தீர்ப்பு தவறு. இதை எழுதும் இராசேஸ்வரி சீவரத்தினம், சுருதி இறங்கிய தன் பியானோவை நம்பி, வட்டத்தின் பிளேயரைப் பிடிவாதமாக இறக்கவைத்ததே அதற்குக் காரணம். சரியான வேகத்தில் கேட்டபோது முதல் பக்கம் உறுதியாக நிற்கிறது. மூன்றாவது பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக இறங்கிப்போகும் இடத்தில் டிரம்ஸ் காத்திருந்து சேர்ந்துகொள்கிறது. இவ்வளவு பொறுமையை நான் இந்த வருடம் வேறு தட்டில் கேட்கவில்லை. இரண்டாம் பக்கம் அவசரம். பாடகர் ஆங்கிலத்தை மென்று துப்பாமல் உச்சரிக்கவேண்டும். வாங்கலாம். அடுத்த தட்டில் இதைவிட நன்றாகச் செய்யாவிட்டால் அதையும் எழுதுவேன்."

ஒரு சொல்லும் கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம். "பிடிவாதமாக" என்ற சொல்லையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பியானோக்காரர் நேற்று வந்தார். ஒரேயடியாக ஏற்றினால் கம்பி அறும் என்று, பாதி ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். மீதியை அடுத்த மாதம் ஏற்றுவார். அதுவரை வாசிக்காமல் இருக்கிறேன்.

தாள் சனிக்கிழமை அச்சாகிறது. இந்தப் பந்தி முழுவதுமாக வருமா, வராதா என்பதை அதற்குமுன் எனக்கு எழுதுங்கள். வாசுவிடம் சொல்லி அனுப்பவேண்டாம். உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்.

இராசேஸ்வரி சீவரத்தினம்